அந்த டாலர் யாருடையது?

கொரோனா உலகத்தையே முடக்கிப்போட்ட 2020இல், வெளிநாட்டில் உழைக்கும் இலங்கையர் வீட்டுக்கு அனுப்பிய பணம் 710 கோடி டாலர். அந்த ஆண்டு தேயிலை ஏற்றுமதியில் வந்ததைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆடை ஏற்றுமதியையும் தாண்டிய தொகை. மறு ஆண்டு அது 549 கோடியாக இறங்கி, 2022இல் 379 கோடியாகச் சரிந்தது. இரண்டே ஆண்டில் ஏறக்குறையப் பாதி. அத்தனை பேரும் வேலையை விட்டுவிடவில்லை, வீட்டை மறந்துவிடவும் இல்லை. பணத்தில் பெரும்பகுதி வங்கியை விட்டு விலகி, உண்டியல் என்ற முறைசாராப் பரிமாற்றம் வழியாக வரத் தொடங்கியிருந்தது. நாடு தவிக்கும்போது டாலரை வங்கிக்குத் தராதவருக்கு என்ன நாட்டுப்பற்று என்ற பேச்சு அப்போது எழுந்தது. இன்றும் அவ்வப்போது காதில் விழுகிறது. அந்தப் பழி நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. கடன்பட்டவர் அரசு, கடன் கொடுத்தவர் அந்தத் தொழிலாளி. பழியோ கொடுத்தவர் தலையில் விழுந்தது.

நடந்த கணக்கைப் பார்த்தாலே போதும். 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை மத்திய வங்கி டாலரை 200 ரூபாயை ஒட்டியே இறுக்கிப் பிடித்திருந்தது. உண்டியலில் அதே டாலருக்கு 240 ரூபாய் வரை கிடைத்தது. ரியாத்தில் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் மாதச் சம்பளம் 300 டாலர் பெறுமதியானது என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் போட்டால் வீட்டுக்கு வருவது 60,000 ரூபாய் சொச்சம், உண்டியலில் 72,000. அங்கே தெரிந்தவர் ஒருவர் கையில் ரியாலைக் கொடுத்துவிட்டு ஒரு ஃபோன் போட்டால், அன்று மாலையே காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். ரியால் நாட்டுக்குள் வராது. யாரோ ஓர் இறக்குமதியாளரின் கணக்கை அது வெளியிலேயே தீர்த்துவிடும். டிசம்பரில் மத்திய வங்கி, வங்கி வழியாக அனுப்புவோருக்கான ஊக்கத்தொகையை டாலருக்கு 10 ரூபாயாக உயர்த்தியது. அப்போதும் அந்தப் பெண்ணுக்கு மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் நட்டம். அடகில் கிடக்கும் நகைக்கு வட்டி, பிள்ளையின் டியூஷன் காசு, வரிசையில் நின்று வாங்கும் பால்மா எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும். எந்த நாடாளுமன்றமும் வாக்களித்து நிறைவேற்றாத ஒரு வரியை, வெளிநாட்டில் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவர்களிடம் அரசு வசூலிக்கப் பார்த்தது. அவர்கள் கட்ட மறுத்தார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டாலர் இல்லாமல் போனதே, உண்டியலில் அனுப்பியவரின் பக்கத்து வீட்டுக்காரர்தானே மருத்துவமனையில் மருந்தில்லாமல் தவித்தார் என்பார்கள். தவித்தது உண்மை, லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதமும் அல்ல. ஆனால் வந்த டாலர் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும். 2022 ஜனவரி 18ஆம் தேதி, மக்கள் வரிசைகளில் நின்றுகொண்டிருந்த வேளையில், சர்வதேசக் கடன்பத்திரக்காரர்களுக்கு அரசு 50 கோடி டாலரை முழுதாகக் கொடுத்துத் தீர்த்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பணிப்பெண்ணின் டாலரை மலிவு விலைக்கு வாங்கியிருந்தாலும் அது மருந்தாக மாறியிருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உண்டியலில் கள்ளப் பணமும் ஓடுகிறது, தங்கக் கடத்தலுக்கும் போதைப்பொருளுக்கும் அது வழிவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு உண்டியல்காரரையும் அவருக்குப் பின்னால் நிற்கும் முதலாளியையும் பிடிக்க வேண்டும். 2022 மார்ச்சில் மத்திய வங்கி டாலர் விலை மீதான பிடியைத் தளர்த்தியதும் டாலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. அப்படியும் பணம் உடனே வங்கிக்குத் திரும்பவில்லை. போன நம்பிக்கை ஒரு சுற்றறிக்கையில் திரும்பி வருமா? விலை ஓரளவு நிலைத்து, இரண்டு விலைக்கும் இடைவெளி சுருங்கிய பிறகுதான் 2023இல் 597 கோடி, 2024இல் 657 கோடி என்று ஏறியது. நாட்டுப்பற்றுப் பிரசங்கம் செய்யாததை நேர்மையான விலை செய்தது.

இந்தப் பணம் சாப்பாட்டுக்கும் வீடு கட்டவும் கரைந்துவிடுகிறது, தொழிலாக மாறுவதில்லை என்பது பொருளியலாளர் சிலரின் குறை. ஓலைக் கூரை ஓட்டுக் கூரையாவதும், ஒரு பெண் பிள்ளை உயர்தரம்வரை படிப்பதும் வீண்செலவென்று எனக்குப் படவில்லை. ஊரில் தொழிற்சாலை கட்டும் பொறுப்பை, அடுத்தவர் வீட்டுக் குளியலறையைக் கழுவிச் சம்பாதித்தவரின் தோளில் ஏற்றுவது என்ன நியாயம்? 1990களின் நடுவில் இலங்கையிலிருந்து வேலைக்குப் போனவர்களில் நால்வருக்கு மூவர் பெண்கள். அவர்கள் அனுப்பிய டாலருக்குக் கணக்கு இருக்கிறது. அம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. மூதூரின் ரிஸானா நஃபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது வயது 17; கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். போன சில வாரங்களிலேயே பொறுப்பிலிருந்த குழந்தை இறந்ததற்காகக் கைதாகி, 2013 ஜனவரியில் தலை வெட்டப்பட்டார். கருணை கேட்டு இலங்கை அரசு எழுதியது, பலிக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுமியை விமானம் ஏறவிடாமல் தடுத்திருக்க வேண்டிய இடம் கொழும்பு.

அரசு பட்ட கடனில் உடனே தீர்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது: வாக்கு. பொருளாதாரம் வீழ்ந்ததற்கு யார் பொறுப்பு என்பதே பெரிய கேள்வியாக நின்ற 2024 ஜனாதிபதித் தேர்தலில், வெளிநாட்டில் இருக்கும் இலங்கையர் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை. வேண்டுமானால் டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்து வாக்களிக்கலாம். கடவுச்சீட்டை எசமானர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் பணிப்பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை.