அப்பாவுக்கு ஒரு தழும்புதான்

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்றே ஒன்றுதான். 1983ல எடுத்தது, கருப்பு வெள்ளை. புதுசா வாங்கின டிவிஎஸ் 50 மேல கை வச்சுக்கிட்டு அப்பா, பக்கத்தில் அம்மா. (1980ல எங்க ஓசூர்ல பொறந்த வண்டியாக்கும்!) பின்னாடி கன்னடத்தில் ஸ்டூடியோ முத்திரை. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தானே, அந்த வண்டியிலேயே போயிருக்காங்க மகராசனுங்க.

போன மழையில் சுவரில் ஓதம் ஏறி, ஃப்ரேமுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் பண்ணியிருக்கணும். நான் அவசரப்பட்டு உரிச்சேன். அப்பாவின் இடது கண் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அம்மாகிட்ட மழைன்னு சொல்லி வச்சேன்.

டவுனில் ஒரு கடையில் கொடுத்தால், ஏஐ வைத்து பத்தே நிமிசத்தில் வழவழன்னு ஒரு முகம் பண்ணிக் குடுத்தாங்க. அம்மா கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "யார்ரா இந்தாளு?" என்றார்.

சரின்னு கிம்ப்பில் நானே இறங்கினேன். பெர்க்லியில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற ரெண்டு பேர் ஆரம்பிச்சது. 1996லேர்ந்து இலவசம். 600 டிபிஐல, கலரிலேயே ஸ்கேன் பண்ணினேன். கருப்பு வெள்ளைப் படத்துக்கு கலர் எதுக்குன்னா, காரணம் இருக்கு. படத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்தால் மஞ்சள் கறை நீலத்தில்தான் அப்பிக்கொண்டு நிற்கும், சிவப்பில் முக்கால்வாசி காணாமல் போயிருக்கும். அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. கீறலுக்கு ஹீல் டூல். புடவைக் கரை மாதிரி ஓரங்களில் அது இழுவிடும், அங்கே மட்டும் குளோன்.

கண்ணுக்குத்தான் வழி தெரியலை. கடைசியில் வலது பாதி முகத்தை அப்படியே திருப்பி இடது பக்கம் ஒட்டினேன். பிரமாதமா வந்துடுச்சுன்னு மானிட்டர் முன்னாடி அம்மாவை உட்கார வைத்தேன்.

"உங்கப்பாவுக்கு ஒரு தழும்புதான்டா."

வலது புருவத்தில் இருந்த வெல்டிங் பொறித் தழும்பு இப்போ இடதுலயும்! நாப்பது வருசமா பார்த்த படம், எனக்குத் தெரியலை பாருங்க.

அப்புறம் சிப்காட் கம்பெனி அடையாள அட்டை ஞாபகம் வந்தது. ஸ்டாம்ப் அளவு படம். அதிலிருந்து இடது கண்ணை எடுத்து, சாய்வையும் வெளிச்சத்தையும் சரி பண்ணி உட்கார வைக்க நாலு ராத்திரி ஆச்சு. அந்தக் கண் வலதை விடக் கொஞ்சம் சின்னது. அதுவும் எனக்கு இப்பத்தான் தெரியும்.

பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"வண்டி நம்பர்ல ரெண்டு எழுத்தைக் காணோமே?"

கறையில் போயிருந்தது, நானா எதையும் போட மனசில்லாம விட்டிருந்தேன். அம்மா முழு நம்பரையும் தயங்காமல் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே, "இதுவும் மழையிலதான் போச்சா?" என்றார்.