ஒன்றரை ஜிபிக்குள் ஒரு லினக்ஸ்

மைசூரு, 11 அக்டோபர் 2025, சனி

எதிர்வீட்டு அக்காவின் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் 10. வரும் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்துகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இதில் இல்லை. ஆனால் திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. மாலையில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அக்கா பாடத்தாள் அடிப்பது இதில்தான். இதைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வீட்ல நெட் இல்லையே தம்பி. செல்லுல ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். அதுக்குள்ள முடியுமா?"

நியாயமான கேள்வி. இணையம் குழாய்த் தண்ணீர் போல எந்நேரமும் வரும் என்று எண்ணித்தான் பெரும்பாலான வழிகாட்டிகளை எழுதுகிறார்கள். நான் போட நினைத்த லினக்ஸ் வகையான டெபியனின் நெட்இன்ஸ்ட் நிறுவல் கோப்பு 1 ஜிபிகூட இல்லை. சிறியது என்று அதை எடுத்தால், டெஸ்க்டாப், லிப்ரே ஆபீஸ் எல்லாமே நிறுவும்போதுதான் இறங்கும். டிவிடி கோப்பு 4 ஜிபியை ஒட்டி வரும். ஆனால் அன்றாடத் தேவைகள் அதற்குள்ளேயே இருக்கும். நெட் இல்லாத வீட்டுக்குப் பெரியதுதான் சிக்கனம்.

12 அக்டோபர், ஞாயிறு

குவெம்புநகரில் சித்தப்பா வீட்டு ஃபைபரில் டெபியன் 13இன் முதல் டிவிடியை இறக்கினேன். ஆகஸ்டில் வெளியான இந்தப் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கு நிறுவி கிடையாது. அக்காவுடையது 64 பிட் என்று நேற்றே பார்த்துவிட்டேன்.

இறக்கியதும், கோப்பு கெடாமல் வந்திருக்கிறதா என்று பார்க்கும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு. நெட் உள்ளவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. கோப்பு கெட்டிருந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அக்கா வீட்டில் போய்த் தெரிந்தால் திரும்பவும் பஸ் ஏற வேண்டும். 64 எழுத்துகளும் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகே பென்டிரைவில் எழுதினேன்.

13 அக்டோபர், திங்கள்

பாடத்தாள்களை வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கினோம். வரைகலை நிறுவியில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு திரையையும் அக்காவே வாசித்துப் பதில் சொன்னார்.

வைஃபை சிப்பைத் தானாகவே கண்டுகொண்டது. டெபியன் 11 வரை இப்படி இல்லை. பல கணினிகளில் வைஃபைக்கு ஃபர்ம்வேர் தனியாக வேண்டும். அதை எடுக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்க்கலாம் என்று 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்தார்கள். கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கையில் இது விட்டுக்கொடுப்புதான். இந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது சரியான முடிவு.

இணைய மிரர் பயன்படுத்தவா என்ற கேள்விக்கு 'இல்லை'. அடுத்தது, எந்த மென்பொருள் பொதிகளைப் பயன்படுத்துகிறோம் என்ற கணக்கெடுப்பில் சேர்கிறீர்களா என்ற கேள்வி. முன்கூட்டியே 'இல்லை' என்றுதான் இருக்கும். பலர் அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள். எந்தப் பொதி முதல் டிவிடியில் இடம்பெற வேண்டும் என்ற முடிவில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, தமிழ் அகராதி என்று பயன்படுத்தும் நாம் கணக்கில் வராவிட்டால், நெட் இல்லாத தமிழ் வீட்டுக்குப் போகும் டிவிடியில் தமிழுக்கு யார் இடம் கேட்பது?

"நான் என்ன பாடம் நடத்துறேன்னெல்லாம் போகாதுல்ல?"

"போகாதுக்கா. எந்த மென்பொருள் இருக்கு, அதை எப்ப பயன்படுத்தினோம்ங்கிற மாதிரி விவரம்தான்."

"அப்ப ஆமான்னு போடு."

14 அக்டோபர், செவ்வாய்

டிவிடிக்குப் பின் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மிச்சம். இதற்கு ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி. எழுதியவர் ரித்தேஷ் ராஜ் சர்ராஃப், இந்திய டெபியன் உருவாக்குநர். அக்காவின் கணினி தனக்கு வேண்டியதை ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். நெட் உள்ள கணினியில் அதைக் கொடுத்தால் எல்லாவற்றையும் இறக்கி ஒரே ஜிப்பாகக் கட்டும். அதைக் கொண்டுவந்து நிறுவ வேண்டும். முதலில் பொதிப் பட்டியலுக்கு ஒரு நடை, பிறகு பொதிகளுக்கு இன்னொரு நடை. பழைய பாடப் பக்கங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்க டெசராக்ட்டின் தமிழ்க் கோப்பையும் அதிலேயே சேர்த்துக்கொண்டேன்.

அக்காவிடம் பத்தாம் வகுப்புத் தமிழ் படிக்கும் பெண் பக்கத்தில் நின்று பார்த்தபடி கட்டளைகளை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் மாமா வீட்டில் பிராட்பேண்ட் உண்டாம். அடுத்த மாதத்துப் புதுப்பித்தல் அவள் பொறுப்பு.