நாலு வீட்டுச் சங்கிலி

நம் ஊரில் ‘செயின்’ என்று சொன்னால் பெண்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் வீடு வாங்கப் புறப்பட்டவர்களிடம் அதே வார்த்தையைச் சொன்னால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே செயின் என்பது தங்கத்தால் ஆனதல்ல, மனிதர்களால் ஆனது.

விஷயம் இதுதான். ஒருவர் தம்முடைய வீட்டை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு வேறொரு வீடு வாங்க நினைக்கிறார். அவருக்கு விற்கிறவரும் அதே போல இன்னொரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். அவருக்கு விற்கிறவரும் அப்படியே. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த வரிசையின் அடிக்கோடியில், விற்பதற்கு எதுவும் இல்லாமல் முதன்முதலாக வீடு வாங்கும் யாரோ ஒருவர் இருப்பார். மேல்கோடியில் காலியாகக் கிடக்கும் ஒரு வீடு இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் பணம் கொடுத்து, ஒரே நாளில் சாவி வாங்கி, ஒரே நாளில் சாமான்களை ஏற்ற வேண்டும். நடுவில் ஒருவர் கையை உதறிவிட்டால் போதும், அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

நம்மிடையே விலை படிந்தால் முன்பணம் கை மாறுகிறது, ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை படிவது வெறும் வாய்ப் பேச்சு. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வீடு நிலம் விற்கிற ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இரு தரப்பாரும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்கிறது. கையெழுத்திட்ட பிரதிகளைச் சாலிசிட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் நாள் வரும் வரையில் யாருக்கும் யாரும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அதை ‘எக்ஸ்சேஞ்ச்’ என்கிறார்கள். வழக்கமாக நூற்றுக்குப் பத்து முன்பணம் கை மாறுவதும் அன்றைக்குத்தான். விலை படிந்த நாளுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களில் விற்கிறவர் அதிக விலைக்கு ஆள் கிடைத்தால் போய்விடலாம். வாங்குகிறவர் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கச் சொல்லலாம். காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளவும் செய்யலாம்.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் நான் லண்டனுக்குப் போயிருந்தபோது என் தங்கை இப்படிப்பட்ட சங்கிலி ஒன்றில் இரண்டாவது கண்ணியாக இருந்தாள். அவளுக்கு ஹாரோவில் இரண்டாம் மாடியில் பிளாட். லிப்ட் கிடையாது. அவளுடைய மாமியாருக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. “இறங்குவது பெரிசில்லை, தம்பி. திரும்ப ஏற வேண்டுமே” என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரத்து நாற்காலியிலேயே பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்காகத்தான் ரேனர்ஸ் லேனில், கீழ்த் தளத்தில் ஓர் அறையும் பின்னால் சிறிய தோட்டமும் உள்ள வீடாகப் பார்த்தார்கள். போய்ப் பார்த்த அன்றே எந்த அலமாரியில் சாமி படங்களை வைப்பது என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

தங்கையின் பிளாட்டை வாங்க வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. இதுவரை வாடகை வீட்டில் இருந்தவர்கள். ரேனர்ஸ் லேன் வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பம். பெட்போர்டில் ஒரு வீடு பேசி முடித்திருந்தார்கள். அந்த பெட்போர்டு வீட்டுக்கு உடையவர் கணவனை இழந்த ஒரு மூதாட்டி. வயதானவர்களுக்கென்றே கட்டிய சிறிய பிளாட் ஒன்றுக்குக் குடிபோக இருந்தார். ஆக, நாலு கண்ணிகள். அக்டோபரிலேயே எல்லாருக்கும் விலை படிந்துவிட்டது. நான் போன ஜனவரியில் எதுவும் நகரவில்லை.

தாமதத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. சாலிசிட்டர் உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதிச் சாலை, கட்டட அனுமதி முதலான விவரங்களை வாங்க வேண்டும். வடிகால் விவரத்துக்கு வேறு இடம். பாங்குக்காரர்கள் ஆள் அனுப்பி வீட்டை மதிப்பிட வேண்டும். தங்கையின் பிளாட்டோ குத்தகைச் சொத்து. நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். அந்த நாட்டில் பிளாட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 99 வருஷம், 125 வருஷம் என்று நீண்ட குத்தகையைத்தான் வாங்குகிறார்கள். நிலம் வேறொருவருடையது. அவருடைய நிர்வாகிகள் பராமரிப்புக் கணக்கு முதலிய காகிதங்களைக் கொடுத்தால்தான் விற்க முடியும். அந்தக் காகிதக் கட்டு வருவதற்கே ஐந்து வாரமாயிற்று.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் தங்கையால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. எஸ்டேட் ஏஜெண்டைக் கேட்டால், “எதிர்த் தரப்புக்காகக் காத்திருக்கிறோம்” என்பார். சாலிசிட்டரின் குமாஸ்தாவைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். ஒவ்வொருவருக்கும் எதிர்த் தரப்பு உண்டு. எதிர்த் தரப்புக்கும் ஓர் எதிர்த் தரப்பு உண்டு. நாலு குடும்பத்துக்கும் நடுவே ஏஜெண்டுகள், சாலிசிட்டர்கள் என்று அரை டஜன் ஆட்களுக்கு மேல் இருந்தார்கள். ஒரு கேள்வி கீழிருந்து மேலே ஏறி, பதில் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் கேள்வி எது என்பதே மறந்துபோகும்.

செய்தி வராத வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அந்தச் சமயத்தில் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கதை எழுதுவது என் தொழில். அந்த வீட்டிலோ எல்லோருமே கதாசிரியர்களாகிவிட்டார்கள். ஆசிரியர் குடும்பம் இரகசியமாக வேறு ஆளுக்கு விலை பேசுகிறது என்று மாப்பிள்ளை ஒரு கதை கட்டினார். இளம் தம்பதி மார்ச் மாதம் வரட்டும் என்று விலையைக் குறைக்கத் திட்டம் போடுகிறார்கள் என்பது தங்கையின் கதை. “அந்த பெட்போர்டுக் கிழவிதான் காரணம். போகப் போகிறாளா, இல்லையா? நம்மை ஆட்டி வைக்கிறாள்” என்றார் மாமியார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் எல்லாருடைய குணமும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. செய்தி இல்லாத இடத்தை மனம் காலியாக விட்டு வைப்பதில்லை. அது கட்டுகிற கதையில் எதிராளி நல்லவனாக வருவதும் இல்லை.

இதற்கு நடுவே ஒரு கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் அரசாங்கம் வீட்டுக் கிரய வரியில் கொடுத்த சலுகை 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதுவரை முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 4,25,000 பவுண்டு வரை வரி கிடையாது; ஏப்ரல் 1 முதல் 3,00,000 வரையில்தான். இளம் தம்பதி என் தங்கையின் பிளாட்டுக்குப் பேசியிருந்த விலை 4,00,000. மார்ச்சுக்குள் முடிந்தால் வரி ஒன்றுமில்லை. ஒரு நாள் தள்ளினால் 5,000 பவுண்டு கட்ட வேண்டும். சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு வீடு வாங்குகிற சிறுசுகளுக்கு அது சின்னத் தொகை அல்ல. அவர்கள் விலகினால் நாலு வீடும் விழுந்துவிடும். கடன் தருவதாகப் பாங்கு கொடுத்த கடிதத்துக்கும் ஆறு மாதந்தான் ஆயுள். அது காலாவதியானால் வட்டி என்ன ஆகுமோ!

பிப்ரவரி மத்தியில் ஒரு நாள் தங்கை ஒரு முழுத் தாளை எடுத்து நாலு கட்டம் போட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம். ‘இவர் யாரிடமிருந்து, எந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கிறார்?’ என்று ஒரே கேள்வி. தன் கட்டத்தை நிரப்பினாள். இளம் தம்பதியின் கட்டத்தையும் ஓரளவு நிரப்பினாள். மேல் இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. தாளைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, “அண்ணா, கோட்டைப் போட்டுக்கொள். ரேனர்ஸ் லேன் வரையில் போய்விட்டு வரலாம்” என்றாள்.

வாங்குகிறவரும் விற்கிறவரும் நேரில் பேசுவதை ஏஜெண்டுகள் விரும்புவதில்லை. ஆனால் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. ஆசிரியர் கதவைத் திறந்தவர் ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தார். கூடத்தில் பாதிச் சாமான்கள் பெட்டியில் கட்டியிருந்தன. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கட்டியதாம். “நீங்கள்தான் மனம் மாறிவிட்டீர்களோ என்று நாங்கள் பயந்துகொண்டிருக்கிறோம்” என்றார் அவர் மனைவி.

அங்கேதான் உண்மை தெரிந்தது. பெட்போர்டு வீடு அந்த மூதாட்டியின் காலமான கணவர் பெயரில் மட்டும் இருந்தது. அப்படியானால் உயிலைச் சரிபார்த்து ‘புரொபேட்’ என்னும் உத்தரவு வந்தாக வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்கு விலை பேசலாம். கிரயத்தை முடிக்க முடியாது. உத்தரவு சில வாரங்களிலும் வரலாம். மாதக் கணக்கிலும் இழுக்கலாம். மூதாட்டி மனு போட்டுவிட்டுத் தினமும் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஏஜெண்டுக்கு இது தெரியும். ஆசிரியருக்கே பத்து நாளைக்கு முன்புதான் தெரிந்ததாம். அது எங்களிடம் வந்து சேர்ந்தபோது ‘எதிர்த் தரப்புக்காகக் காத்திருக்கிறோம்’ என்று சுருங்கிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. வேண்டிய ஒரு சொல் மட்டும் வழியில் உதிர்ந்துபோயிற்று.

அந்தச் சனிக்கிழமை இளம் தம்பதி ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தார்கள். தங்கை அவர்களை உட்கார வைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். “மார்ச்சுக்குள் முடியாது. அந்த ஐயாயிரம் உங்கள் தலையில் விழுவதற்கு நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. எல்லோரிடமும் பேசிப் பார்க்கிறேன்” என்றாள். அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கிவிட்டன. அடுத்த திங்கட்கிழமை விலகிக்கொள்வதாக எழுதியனுப்பத் தீர்மானித்திருந்தார்களாம். விலை கூட்டிக் கேட்பதற்காகத்தான் நாங்கள் மௌனமாக இருக்கிறோம் என்பது அவர்கள் கட்டியிருந்த கதை!

பிறகு பேரம் நடந்தது. பேரம் என்றாலும் மரியாதையான பேரம். தம்பதி 1,500, தங்கை 1,500, ஆசிரியர் 1,000, மூதாட்டி 1,000 என்று ஐந்தாயிரமும் நாலு பங்காயிற்று. தங்கைக்குப் புது வீட்டின் மேல் ஏறிய 2,500 பவுண்டு வரி தனி. மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்; ஆனால் மறுக்கவில்லை. சங்கிலி அறுந்திருந்தால் சர்வேக்கும் சாலிசிட்டருக்கும் கொடுத்த பணமே போயிருக்கும். ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கும் விடிவு ஏற்பட்டிருக்காது.

அன்று முதல் தங்கை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேலே ஆசிரியரிடம் கேட்பாள். கீழே தம்பதிக்குச் சொல்வாள். பெரும்பாலும் சொல்ல எதுவும் இருக்காது. “இன்று புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்கிறேன்” என்பாள். வெறும் வாக்கியந்தான். ஆனால் அது வந்த வாரங்களில் யாரும் கதை கட்டவில்லை. காத்திருப்பது அதே காத்திருப்புத்தான். இருட்டில் காத்திருப்பதற்கும் விளக்கு வைத்துக்கொண்டு காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

சட்டத்தைத் திருத்தினால் தேவலை என்று சொல்கிறவர்கள் அங்கே நிறைய உண்டு. விற்கிறவரே வேண்டிய காகிதங்களை முன்கூட்டித் தயாரித்து வைக்க வேண்டும் என்று 2007-இல் ஒரு திட்டம் வந்தது. 2010-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வீடான ஸ்காட்லாந்தில் 2008 முதல் விற்கிறவரே வீட்டைப் பற்றிய அறிக்கை தயாரித்துத் தர வேண்டும். திருத்தம் வருகிறபோது வரட்டும். வெள்ளிக்கிழமைச் செய்திக்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

நான் மார்ச்சில் ஊர் திரும்பினேன். ஏப்ரல் கடைசியில் உத்தரவு வந்தது. மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, சாலிசிட்டர்கள் அடிக்கோடியிலிருந்து ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே போய் எக்ஸ்சேஞ்சை முடித்தார்களாம். ஏழு மாதம் நகராதது மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துச் சாவிகளும் கை மாறின.

குடிபோன மறு வாரம் ஆசிரியர் மூலமாக ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அனுப்பியவர் பெட்போர்டு மூதாட்டி. தம் கணவரின் காகிதத்துக்காகக் கீழே மூன்று குடும்பங்கள் காத்திருந்தது பின்னால்தான் தமக்குத் தெரிந்தது என்றும், பொறுத்திருந்ததற்கு நன்றி என்றும் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தாராம். தங்கை அதைப் படித்துத் தமிழில் சொன்னபோது மாமியார் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பாவம், தனியாக இருக்கிறாளே” என்றாராம் அவர். “பெட்போர்டு இங்கிருந்து எவ்வளவு தூரம்?”