இரண்டே முக்கால் கிலோ

2018 செப்டம்பரில் ஒரு மாலை, நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் நாங்கள் சுட்ட ஒரு ரெயின்டீர் விழவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து ஓடியது. சிறிது தூரத்தில் பின்தங்கியது. பிறகு ஒரு பாறைமேட்டைத் தாண்டி மறைந்துவிட்டது. தூரமானி 290 மீட்டர் என்று காட்டியிருந்தது. இருட்டும் வரை தேடினோம். அன்றிரவு குடிசையில் இருவரும் தூங்கவில்லை. மறுநாள் காலை ஒன்பதரை மணியளவில் ஒரு சிற்றோடையின் கரையில் அதைக் கண்டோம். உயிர் இருந்தது. அதற்குமேல் அந்தக் காலையைப் பற்றி எழுத விருப்பமில்லை.

விசையை அழுத்தியது எங்களில் ஒருவரின் விரல். தூரத்தை அளந்துவிட்டு, "சுடலாம்" என்றது மற்றவரின் வாய். எது யாருடையது என்பதை எவரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இக்கட்டுரை முழுவதும் "நாங்கள்" என்றே வருவதற்கு அதுவே காரணம்.

நிற்க. நாங்கள் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் இறுதியில் மாணவராக இந்நாட்டுக்கு வந்தவர். மற்றவர் திருநெல்வேலிப் பக்கம். கணினி வேலைக்காக 2001இல் வந்து, இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாக இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர். முன்னவர் நோர்வே என்பார், பின்னவர் நார்வே என்பார். (தட்டச்சு செய்கிறவர் கை ஓங்கியிருப்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம்.) முன்னவர் சிறுவனாகப் பதுங்குகுழிக்குள் இருந்தபடியே, ஓசையைக் கொண்டு துப்பாக்கியின் வகையைச் சொல்லப் பழகியவர். ஐம்பதாவது வயது வரை ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை.

அப்படிப்பட்டவர் வேட்டைக்குப் போவதாவது என்று கேட்கலாம். அவர் வீட்டிலேயே கேட்டார்கள். இங்கே வேட்டை ஜமீன்தார் பொழுதுபோக்கு அன்று. பள்ளிக்கூட ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் இலையுதிர்காலம் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு மலையேறுவார்கள். குளிர்காலத்துக்கான இறைச்சியோடு இறங்குவார்கள். பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் வருடாவருடம் எங்களுக்கு ஒரு தொடைப்பகுதி கொடுப்பார். நாங்கள் அதை மிளகும் சோம்பும் போட்டுப் பிரட்டி அவருக்கே ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுப்போம். அவருக்கு மூட்டு தேய்ந்ததும், இனி நீங்கள் போய்வாருங்கள் என்றார். அவ்வளவுதான் தொடக்கம்.

தொடக்கம்தான் எளிது. 30 மணி நேரம் வேட்டைப் பாடம் படித்துத் தேர்வெழுத வேண்டும். துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் காவல்துறையின் உரிமம் வேண்டும். ரெயின்டீர் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடுவதென்றால் ஆண்டுதோறும் ஒரு சுடுதேர்வும் உண்டு: 100 மீட்டரில் நிற்கும் மான் உருவத்தில், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளும் விழ வேண்டும். நான்கு போதாது. நாங்கள் இருவரும் அதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இந்தச் சாதனைதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மான் விஷயத்துக்குப் பிறகு பழியைப் போட ஒரு பொருள் தேவைப்பட்டது. எடை அகப்பட்டது. எங்களிடம் இருந்த பழைய துப்பாக்கி, தொலைநோக்கி, வார், ஒலித்தணிப்பான் எல்லாம் சேர்த்து 5.2 கிலோ. அன்று பதினொரு கிலோமீட்டர் அதைச் சுமந்து நடந்திருந்தோம். தோள் நடுங்கியது, மூச்சு வாங்கியது, ஆகவே குண்டு விலகியது என்று ஒரு தர்க்கத்தைக் கட்டிக்கொண்டோம். பாரம் குறைந்தால் களைப்பு குறையும், களைப்பு குறைந்தால் குறி நிலைக்கும். 2019 வசந்தத்தில் வெறும் எடை 2.75 கிலோ மட்டுமே உள்ள புதிய துப்பாக்கி ஒன்றை வாங்கினோம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே சொல்பவை மலைவேட்டைக்கென்று செய்யப்படும் இலகுரகத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்துபவை.

போல்ட் ஆக்‌ஷன் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவது சுலபம். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளேதான். பிடியைத் தூக்கிப் பின்னே இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளினால் புதியது அறைக்குள் ஏறும். பிடியைக் கீழே மடக்கினால் பூட்டு. ஒவ்வொரு குண்டுக்கும் கை இந்த வேலையைச் செய்தாக வேண்டும். இந்த நாட்டுக்கு இதில் ஒரு பெருமிதமும் உண்டு. க்ராக், யோர்கென்சன் என்ற இருவர் கோங்ஸ்பெர்க் ஆயுதத் தொழிற்சாலையில் உருவாக்கி, 1894இல் நார்வே ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் தாழ்ப்பாள், வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடும். முதியவரின் வீட்டில் ஒன்று இருக்கிறது. சும்மா திறந்து மூடிப் பார்ப்பதற்காகவே அவர் வீட்டுக்குப் போனதுண்டு.

எடையைக் குறைப்பதில் மந்திரம் ஏதும் இல்லை. குழலை மெலிதாக்குகிறார்கள், கொஞ்சம் குட்டையாக்குகிறார்கள், மரப்பிடிக்குப் பதிலாகச் செயற்கை இழைப்பிடியைப் பொருத்துகிறார்கள். நாங்கள் தொலைநோக்கியும் மற்றவையும் பொருத்திய பிறகு எங்களுடையது 3.7 கிலோ வந்தது. பழையதைவிட ஒன்றரைக் கிலோ குறைவு. மே மாதம் அதைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனோம்.

முதல் நாள், 100 மீட்டரில், மணல்மூட்டையின்மேல் வைத்துச் சுட்ட மூன்று குண்டுகள் 1.8 சென்டிமீட்டருக்குள் விழுந்தன. அந்தத் தாளை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டோம். சுடுதளத்தில் தாள் மாற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி (எழுபது வயதுக்குமேல் இருக்கும்) அதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏழு சுடுங்கள், பிறகு பேசலாம் என்றார். சுட்டோம். பத்தும் சேர்ந்து 4.6 சென்டிமீட்டர்.

இதில் ஏமாற்றம் எதுவும் இல்லை, கணக்குதான் இருக்கிறது. குண்டுகள் விழும் இடம் எப்போதும் ஓரளவு சிதறும். மூன்றே மூன்றைப் பார்த்தால் அந்தச் சிதறலின் ஒரு மூலைதான் தெரியும். துப்பாக்கியில் குறையே இல்லாவிட்டாலும், பத்துக் குண்டுகளின் விரிவு மூன்றின் விரிவைப்போலச் சராசரியாக ஏறக்குறைய 1.6 மடங்கு இருக்கும். மூன்று குண்டுத் தாளைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், நாங்களும் இருந்திருப்போம். அதோடு மெல்லிய குழல் விரைவில் சூடேறுகிறது. எங்கள் துப்பாக்கியில் ஐந்தாம் குண்டுக்கு மேல் துளைகள் சற்றே மேலேறத் தொடங்கியது தாளில் தெரிந்தது. தூரத்து இலக்குத் தாள்களைச் சுடும் போட்டியாளர்கள் தடித்த குழலை விரும்புவது வீம்புக்காக அல்ல.

ஆனால் மான் பத்துக் குண்டுகளுக்குக் காத்துக்கொண்டிருப்பதில்லை. மலையில் முக்கியமானது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு ஒன்றே. ஆகவே ஜூன் மாதத்தில் பத்து வெவ்வேறு காலைகளில் போய், நாளுக்கு ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டுத் திரும்பினோம். (வேலைக்குப் போகும் வழியில் ஒரு குண்டுக்காக நாற்பது நிமிடம் சுற்றிப் போவதை இரு வீடுகளிலும் எவ்வாறு வருணித்தார்கள் என்பதை எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.) பத்துக் காலைகளின் துளைகளையும் ஒரே தாளில் குறித்துப் பார்த்தபோது 5 சென்டிமீட்டர் வந்தது. 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் இது எங்கோ ஓர் ஓரத்தில் அடங்கும். துப்பாக்கி தேறிவிட்டது.

இனி நாங்கள்.

பின்னுதைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பின் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். எங்கள் கணக்கில் பழையதைப்போல 1.4 மடங்கு. வலியைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே, துப்பாக்கி பின்னோக்கி ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும். அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் தோள் எப்படித் தாங்குகிறது, கன்னம் எப்படி அழுந்துகிறது என்பதெல்லாம் குண்டின் பாதையில் கலந்துவிடும். கனமான துப்பாக்கி நம் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இலகுவானது ஒன்றைக்கூட விடாது. நாடித்துடிப்புக்குக்கூட ஆடும், தொலைநோக்கியின் குறுக்குக்கோடு இதயத்தோடு சேர்ந்து குதிப்பதை முதன்முறை பார்த்தபோது எங்களுக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஜூலையில் நேர்மையான சோதனை ஒன்று செய்தோம். சுடுதளத்தின் பின்னாலுள்ள குன்றில் ஏறி இறங்கிவிட்டு, மூச்சு அடங்கக் காத்திராமல், முதுகுப்பையின்மேல் குழலைச் சாய்த்துச் சுடுவது. ஒரு நாள் பழைய துப்பாக்கி, மறுநாள் புதியது. 200 மீட்டரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லாம் வட்டத்துக்குள். 300 மீட்டரில் புதியதோடு பத்தில் மூன்று வெளியே. பழையதோடும் பத்தில் மூன்று வெளியே. கால்களில் மிச்சம் பிடித்ததைக் கைகளில் செலவழித்திருந்தோம். ஆக எடையின்மேல் நாங்கள் போட்டிருந்த பழி அன்று மாலை எடுபடாமல் போயிற்று.

மிச்சம் இருந்தது காற்று. எங்கள் தோட்டா .308 வகை, 1952இல் சந்தைக்கு வந்தது, இங்கே பரவலாகப் புழங்குவது. குண்டு 10.7 கிராம், வினாடிக்கு சுமார் 820 மீட்டர் வேகம். வினாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று வீசினால், அது 100 மீட்டரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலகும். 200 மீட்டரில் சுமார் 10. 300 மீட்டரில் 24. தூரம் மூன்று மடங்கானால் விலகல் மூன்று மடங்கோடு நிற்பதில்லை என்பதைப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் வட்டத்தின் ஆரம் 15. அதாவது, ஆடாத கையும் அப்பழுக்கற்ற துப்பாக்கியும் இருந்தாலும், காற்றைக் கணிக்காவிட்டால் 300 மீட்டரில் குண்டு வட்டத்துக்கு வெளியேதான். குண்டின் இறக்கம் அந்தத் தூரத்தில் அரை மீட்டர் அளவுக்கு இருக்கிறது. அதைத் தூரமானியும் தொலைநோக்கியின் திருகும் சேர்ந்து சரிசெய்துவிடும். காற்றைச் சரிசெய்யத் திருகு உண்டு, ஆனால் எவ்வளவு திருகுவது என்று தூரமானி சொல்லாது. அதிலும் நம் கன்னத்தில் படும் காற்றும் மானின் பக்கத்தில் வீசும் காற்றும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை.

ஹார்டாங்கர்விட்டாவில் நான்கு மீட்டர் காற்றை யாரும் காற்றென்று சொல்வதே கிடையாது. மரமில்லாத, கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள திறந்த வெளி. வானத்துக்கும் மானுக்கும் இடையே மறைப்பு ஏதும் இல்லை. 2016 ஆகஸ்டில் ஒரே இடியில் 323 ரெயின்டீர்கள் மாண்டது அங்கேதான். 2018இல் அந்த மாலை காற்று வீசிக்கொண்டிருந்ததா? நிச்சயமாக வீசியது, தொப்பியை இறுக்கிக்கொண்டது நினைவிருக்கிறது. எந்தத் திசையிலிருந்து? எவ்வளவு? பார்க்கவில்லை. 290 என்று பச்சை எழுத்தில் ஓர் எண் மின்னியதும், தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்று இருவருமே நினைத்துவிட்டோம். விரலுக்கு ஒரு பங்கும் வாய்க்கு ஒரு பங்கும் என்று அதுவரை பிரித்து வைத்திருந்தோம். கணக்கு முடிந்த இரவில் தொலைபேசியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பிரிவினையை விட்டுவிட்டோம்.

துப்பாக்கியைப் பற்றி எங்கள் தீர்ப்பைக் கேட்பவர்களுக்கு: சுமப்பதற்கு அருமையான பொருள். ஏறும்போது ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். வாரம் முழுவதும் தோளில் கிடந்தாலும் உறுத்தாது. முதல் குண்டை நம்பலாம். நெடுந்தூரத் துல்லியத்துக்கு என்று கடைக்காரர் சொன்னாரே, அதற்கு அன்று. தட்டையாகப் படுத்துக்கொண்டு 600 மீட்டரில் தாளைத் துளைக்க விரும்புகிறவர்கள் இதைவிட இரண்டு கிலோ கூடுதலானதை வாங்கி, காரிலிருந்து இறக்கி, நிம்மதியாகச் சுடலாம். தாளுக்குக் காயம் படாது. அந்தக் கலையை நாங்கள் மதிக்கிறோம், எங்களுக்கு வாய்க்கவில்லை.

ஆகஸ்டில் புறப்படும் முன் பிடியின் இடப்பக்கத்தில் வெள்ளை நாடா ஒட்டி 180 என்று எழுதினோம். அதற்கு அப்பால் எங்களில் எவரும் "சுடலாம்" என்று சொல்லக் கூடாது. ஐந்து நாள் மலையில் இருந்தோம். மூன்று முறை கூட்டத்தைக் கண்டோம். மிக நெருக்கமாக வந்தபோது, ஒரு கிழப் பெண்மான் தனித்து நின்றுகொண்டு பாசியைக் கிளறியது. படுத்திருந்தவர் தூரமானியைக் கேட்டார். 210. காற்று பின்னாலிருந்துதான் வீசியது, மெதுவாக. முப்பது மீட்டர்தானே என்று இருவர் மனத்திலும் ஓடியது என்பதைப் பின்னர் ஒப்புக்கொண்டோம். அப்போது யாரும் பேசவில்லை. காற்று எங்கள் வாடையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை நோக்கி நடந்தது. வெறுங்கையோடு இறங்கினோம். அந்தக் குளிர்காலத்தில் முதியவர் வீட்டுக்குப் பருப்பும் சோறும்தான் போயிற்று.

2020இல் 140 மீட்டரில் ஒரு மான் கிடைத்தது. நின்ற இடத்திலேயே விழுந்தது. நாடா இன்னும் துப்பாக்கியில் இருக்கிறது. எங்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியின் எண்ணை மாற்றியதிலிருந்து, அதில் 150 என்று திருத்தியிருக்கிறோம்.