சேர், ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?



எங்கள் பழைய மாணவன் ஒருவன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்து, போன கிழமை பாடசாலைக்கும் வந்தான். சாதாரண தரத்தில் கணிதம் தவறியவன். "படிக்காட்டி மாமாவோட வயரிங் வேலைக்குத்தான் போகணும்" என்று வகுப்பில் வைத்து அவனுக்குச் சொன்னவர்கள் நாங்கள்தான். போனான். ஆறு வருடம் ஊரில் வீடு வீடாக வயரிங் செய்தான்.

2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. சீமெந்து விலை ஏறியது, கட்டட வேலைகள் நின்றன. அந்த வருடம் வெளிநாட்டு வேலைக்குப் போன 3 இலட்சத்துக்கும் அதிகமானோரில் அவனும் ஒருவன். டொலர் இல்லாத அரசாங்கம், அரச ஊழியர்களுக்கே 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை கொடுத்து வெளிநாடு போக வழிவிட்டது. எங்கள் ஆசிரியர்களிலும் இருவர் போனார்கள்.

அங்கே அவனுக்குக் கிடைத்தது ஹெல்பர் வேலை. அவனைவிட அனுபவம் குறைந்தவன் எலக்ட்ரீஷியன். அவன் கையில் என்.வி.கியூ. சான்றிதழ் இருந்தது.

"சேர், இப்பிடி ஒண்டு இருக்கெண்டு எங்களுக்கு ஏன் சொல்லல்ல?" என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை.

அது புதிய விடயமல்ல. தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. வகுப்புக்கே போகாமல் வேலையில் பழகியவர்களும், செய்முறைத் திறமையைக் காட்டி மதிப்பீடு மூலம் சான்றிதழ் பெறலாம். சாதாரண தரம் தவறினாலும் 12, 13ஆம் தரங்களில் தொழிற்பாடம் படிக்கும் வழி 2017இலிருந்து சில பாடசாலைகளில் இருக்கிறது. நாங்களோ வைத்தியர், பொறியியலாளர் என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பத்தானா பயிற்சி என்று சிலர் கேட்பது நியாயமே. ஆனால் ஊரில் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைத் தேடி அலைவதும் நாம்தானே? சான்றிதழ் இரண்டு இடத்துக்கும் உதவும்.

இம்முறை பெறுபேறு வந்ததும், தவறிய பிள்ளைகளின் வாப்பா, உம்மாவை முதலில் கூப்பிட்டுப் பேசுவதென்று முடிவெடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் சான்றிதழ் இல்லாமல் தொழில் தெரிந்த பிள்ளை இருந்தால், தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ நைட்டாவிலோ விசாரியுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் விசாரியுங்கள்.

அவன் இந்த விடுமுறையிலேயே மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டான். துஆச் செய்யுங்கள்.