சைக்கிளில் ஒரு பெயர், பின்னால் எத்தனை பட்டறைகள்?

மரக்காணம் உப்பளப் பக்கம் சைக்கிளுக்கு ஆயுள் குறைவு. உப்புக்காற்று முதலில் செயினைத் தின்னும். பிறகு ஸ்போக்ஸ், பிறகு ரிம். அளத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேலை செய்யும் நாங்கள் துருவேறிய சைக்கிளைப் பார்க்காத நாளில்லை. அவற்றில் பல, அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிகள்.

2001-02இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது அது பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கானது. பிறகுதான் மற்றவர்களுக்கும் விரிந்தது. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்ன நாட்டில், நம் பெண்பிள்ளைகள் ஏறி மிதித்துப் போன சைக்கிள் அது. அதைச் சலுகை என்று நாங்கள் சொல்வதில்லை, உரிமை என்கிறோம்.

அதனாலேயே, அதைச் செய்த கைகள் யாருடையவை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சைக்கிளில் ஒரு கம்பெனியின் பெயர்தான் இருக்கும். ஆனால் பெடல், ஹப், ஃப்ரீவீல், செயின் என்று பல பாகங்கள் வெளியே கொடுத்துச் செய்து வாங்கப்படுபவை. இந்தத் தொழிலின் பெரிய மையம் பஞ்சாபின் லூதியானா. பெரிய ஆலைகளைச் சுற்றி ஏராளமான சிறு பட்டறைகள்: ஒன்றில் தகடு வெட்டுவார்கள், இன்னொன்றில் முலாம் பூசுவார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அங்கே பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறார்கள். விரல் நசுங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் பட்டறைக்காரர். சைக்கிளில் பெயர் உள்ள கம்பெனி அல்ல.

சட்டமும் இதற்கு வழிவிடுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. 2020இல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. 190 பேர் செய்யும் வேலையைப் பத்துப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்: ஆளுக்கு 19 பேர், ஒன்றுகூடத் தொழிற்சாலை இல்லை!

இது எங்களுக்குப் புதிய கதையல்ல. உப்புப் பாத்தியில் கால் புண்ணாகிப் போனவருக்கு வைத்தியச் செலவு கேட்டுப் போனால், குத்தகைக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி குத்தகைக்காரரைக் காட்டுவார். பாக்கெட்டில் பெயர் போட்டு விற்பவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. சாதி தொழிலாளர்களையே பிரித்துத் தட்டுத்தட்டாக அடுக்குகிறது என்று பாபாசாகேப் 1936இல் வாதிட்டார். காண்டிராக்டும் ஜாப் ஒர்க்கும் அந்த அடுக்கில் இன்னும் சில தட்டுகளைச் சேர்க்கின்றன. மேல்தட்டில் இருப்பவர் கண்ணுக்குக் கீழே கிடக்கும் விரல் தெரிவதில்லை.

விலையில்லா மிதிவண்டியைக் கம்பெனிகளிடமிருந்து டெண்டர் விட்டு வாங்குவது அரசு. லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் கம்பெனி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தப் பாகம் எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது, அங்கே குறைந்தபட்சக் கூலி உண்டா, பிரஸ் மெஷினுக்குப் பாதுகாப்புத் தடுப்பு உண்டா என்பதை டெண்டர் நிபந்தனையிலேயே எழுதிக் கேட்கட்டும். நம் பிள்ளைகளின் உரிமை இன்னொரு ஏழையின் விரலில் ஏறி வரக் கூடாது.