மாத்தூரில் ஒரு வெந்தயக்கீரைத் தொட்டி

மூலக்கடை தாண்டி, மாதவரம் பால்பண்ணை வழியாக மாத்தூருக்குப் போனால், பாதி தூரம் டேங்கர் லாரிக்கும் கன்டெய்னர் லாரிக்கும் நடுவில்தான் பயணம். மணலிப் பக்கமிருந்து காற்று வீசினால், ஊர் வரும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். 1960-களின் பின்பாதியில் தொடங்கி, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் எழும்பின. மாத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

ஆனால், எம்.எம்.டி.ஏ. தெருக்களுக்குள் நுழைந்து பாருங்கள். பெயிண்ட் டப்பாவில் துளசி, உடைந்த குடத்தில் கற்பூரவல்லி, காம்பவுண்டு சுவரில் தூதுவளை. செடி இல்லாத வாசல் குறைவு.

அங்கேதான் என் சித்தப்பா வீடு. பக்கவாதம் வந்த பிறகு அவருடைய வலது கை பலமிழந்துவிட்டது. பேச்சும் குறைந்துபோனது. பந்தை அழுத்தும் பயிற்சியைக் கொடுத்தால், ‘நான் என்ன குழந்தையா?’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்.

பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய புராஜெக்ட், தோட்டக்கலை சிகிச்சை. சனிக்கிழமைதோறும் தொட்டி, மண், விதையோடு மொட்டை மாடிக்கு வந்துவிடுவாள். மண்ணைப் பிசைந்து தொட்டியில் நிரப்புவது கைக்குப் பயிற்சி. வெந்தயத்தை விரல்நுனியில் எடுத்துத் தூவுவது விரலுக்குப் பயிற்சி. மூன்று, நான்கு நாளில் முளை தெரிந்துவிடும் என்பதால் வெந்தயம்தான் முதல் செடி.

இது புதிய விஷயமில்லை. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில், நோயாளிகள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, கைக்கு வேலை வேண்டும் என்று தொழில்வழி சிகிச்சையை வளர்த்தவர் டாக்டர் சாரதா மேனன். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணம். அறுவை சிகிச்சை முடிந்த 46 பேரில், ஜன்னல் வழியே மரம் பார்த்தவர்கள் செங்கல் சுவர் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

மாத்தூர் மாடியில் கதை அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மூன்றாவது வாரமே இலை ஓரமெல்லாம் கருகியது. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. நோட்டில் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திக்கித் திக்கிச் சொன்னார்: “போர் தண்ணி ஊத்தினியா பாப்பா? உப்பு. குழாய்த் தண்ணி ஊத்து.”

வட சென்னையில் வாழ்ந்தவருக்கு அது தெரியாதா? மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே வந்த கதையெல்லாம் அவர் கண்ணெதிரே நடந்ததுதானே!

அன்றிலிருந்து முறை மாறிவிட்டது. அவள் கேட்பாள், “தாத்தா, இதுக்கு என்ன பண்ணலாம்?” அவர் சொல்வார். கவனிக்கப்படும் ஆளாக இருந்தவர், கவனிக்கும் ஆளாகிவிட்டார். கை முழுதாகத் திரும்பவில்லை. மருந்தும் பிசியோதெரபியும் தொடர்கின்றன. செடி அவற்றுக்கு மாற்று இல்லை, துணை. அவ்வளவுதான்.

புராஜெக்ட் முடிந்து, நோட்டும் கல்லூரிக்குப் போய்விட்டது. சனிக்கிழமை அவள் வரமாட்டாளே, இனி என்ன ஆகும் என்று சித்திக்குக் கவலை. போன வாரம் நான் போயிருந்தபோது, சித்தப்பா இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படி படியாக மாடியிலிருந்து இறங்கினார். வலது கை இடுக்கில் ஒரு கட்டு வெந்தயக்கீரை.

“பாப்பா வீட்டுக்குக் குடுத்துட்டு வரேன்” என்றார்.

உங்கள் வீட்டிலும் பேச்சு குறைந்துபோன பெரியவர் யாராவது இருந்தால், ஒரு தொட்டி வாங்கி வையுங்கள். எப்படி வளர்ப்பது என்று அவரிடமே கேளுங்கள்.